எல்லைப்புறத்து முதல் நாவல்: நோட்டு வாங்குவதிலிருந்து பதிப்பகத்துக்கு அனுப்புவது வரை

நாகர்கோவிலில் பஸ் ஏறி மேற்கே கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை வரை போனால், இறங்குவதற்குள் பேச்சு இரண்டு மூன்று தடவை மாறிவிடும். டீ சாயா ஆகிறது. தண்ணி வெள்ளம் ஆகிறது. மார்த்தாண்டம் தாண்டினால் வாக்கியக் கடைசியில் 'ஆக்கும்' கூடிக்கொண்டே வரும். களியக்காவிளையில் கண்டக்டர் ஒரே மூச்சில் இரண்டு மொழியில் சில்லறை கேட்பார். இந்த மண்ணிலிருந்து முதல் நாவல் எழுத உட்காருகிறவருக்குப் பெரிய சொத்து இந்தப் பேச்சுதான். இங்கிருந்து கிளம்பும் கைப்பிரதிகளை வெளியூர் வாசகர் பத்தாம் பக்கத்தில் மூடிவைப்பதற்கும் பல சமயம் இதுவே காரணம். அதனால் கீழே பேச்சுக்குத்தான் அதிக இடம். மற்றவை அதைச் சுற்றி வருகின்றன.

முதல் முப்பது நாள்

நாவலைத் தொடங்க வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று, வீட்டில் வைக்க நீள நோட்டு ஒன்று, இரண்டையும் வாங்குங்கள். சின்ன நோட்டில் நாள்தோறும் மூன்று விஷயம் மட்டும்: காதில் விழுந்த ஒரு வாக்கியம், ஒரு வேலையை ஒருவர் கையால் செய்யும் விதம், ஒரு பொருளின் விலை அல்லது அளவு. ராத்திரி அதை நீள நோட்டில் விரித்து எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

வாக்கியத்தைச் சொன்னபடியே எழுத வேண்டும். 'சண்டை போட்டார்கள்' என்று குறித்தால் ஆறு மாதம் கழித்து அதில் ஒன்றும் மிஞ்சாது. 'ஒனக்க அப்பன் வச்ச தெங்காக்கும் இது?' என்று குறித்தால் நிலம், உறவு, வன்மம் மூன்றும் அதற்குள் இருக்கும். சாயக்கடை, ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரித் திண்ணை, சாவு வீட்டு முற்றம் எல்லாமே காதுக்கு நல்ல இடங்கள். ஆனால் போனில் யாருக்கும் தெரியாமல் பதிவு செய்யாதீர்கள். அது சரியல்ல என்பது ஒரு பக்கம். பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் காது சோம்பேறி ஆகிவிடும், கேட்டதை மறுபடி கேட்டு எழுத ஒருநாளும் நேரம் கிடைக்காது என்பது இன்னொரு பக்கம்.

முப்பது நாளில் தொண்ணூறு குறிப்புகள் சேரும். அவற்றில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ, அதன் பக்கம்தான் உங்கள் மனம் சாய்ந்திருக்கிறது. எல்லைத் தகராறா, மகன் அனுப்பும் வெளிநாட்டுப் பணமா, அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் பெண்களா என்று குறிப்புகளே காட்டிக் கொடுக்கும். 'உத்வேகம்' என்று பெரிதாகப் பேசப்படுவதில் பாதி இந்தக் கணக்கெடுப்புதான்.

மூன்று தாள்கள்

முப்பது நாள் முடிந்ததும் மூன்று தாள் தயார் செய்யுங்கள்.

முதல் தாளில் ஆட்கள். பெயர், பிறந்த ஆண்டு, வேலை, யாருக்கு யார் என்ன முறை. பிறந்த ஆண்டு கட்டாயம். அது இல்லாத கைப்பிரதியில் பாட்டிக்கு மூன்றாம் அத்தியாயத்தில் அறுபது வயதும் ஒன்பதாம் அத்தியாயத்தில் எண்பது வயதும் இருக்கும். உறவுமுறையை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக எழுதுங்கள். ஒரு வீட்டில் அண்ணன் மனைவி மைனி, அடுத்த வீட்டில் அண்ணி. ஒரு வீட்டில் மாமி என்று கூப்பிடப்படுகிறவர் இன்னொரு வீட்டில் அத்தை. சாதி, மதம், ஊர் மூன்றையும் பொறுத்து இது மாறும். கலந்துவிட்டால் உள்ளூர்க்காரர் முதல் பக்கத்திலேயே சிரிப்பார்.

இரண்டாம் தாள் வரைபடம். வீடு, விளை என்னும் தோட்டம், குளம், கோயில் அல்லது பள்ளி, கடை, பஸ் நிறுத்தம். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டிலிருந்து குளத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் என்பது எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பேச்சுத்தாள்.

பேச்சை எப்படி எழுதுவது

முதலில் ஒரு முடிவு: கதை சொல்லும் குரல் எந்தத் தமிழில்? முதல் நாவலுக்கு எங்கள் பரிந்துரை, சொல்லும் குரல் எளிய எழுத்துத்தமிழிலும் உரையாடல் வட்டார வழக்கிலும் இருப்பது. பெயர்ச்சொற்கள் மட்டும் இரண்டு இடத்திலும் உள்ளூர்ச் சொல்லாகவே இருக்கட்டும். மரச்சீனி என்று பேசும் ஊரைப் பற்றி எழுதிவிட்டு விவரணையில் மரவள்ளிக்கிழங்கு என்று எழுதினால், சொல்லுகிறவர் வெளியூரிலிருந்து வந்து எட்டிப்பார்ப்பது போலாகும். 'நான்' என்று ஒரு பாத்திரமே கதை சொன்னால் முழுவதும் வட்டார வழக்கில் எழுதலாம். ஆனால் இருநூறு பக்கம் அதைத் தளராமல் இழுக்கப் பழக்கம் வேண்டும்.

வட்டார வழக்கில் மூன்று அடுக்கு இருக்கிறது. ஒலி, சொல், வாக்கிய முடிவு. புதியவர்கள் விழுவது முதல் அடுக்கில். காதில் விழுந்ததை எழுத்தெழுத்தாகப் பிடிக்கப் பார்ப்பார்கள். ஒரே செய்தியை இப்படி எழுதிப் பாருங்கள்:

'அம்மெ சந்தெக்கி பெய்ருக்காக்கும்.'
'அம்ம சந்தைக்குப் போயிருக்காக்கும்.'
'அம்மை சந்தைக்குப் போயிருக்கால்லா.'

முதல் வாக்கியம் ஒலியை முழுதும் பிடிக்க முயல்கிறது. தஞ்சாவூர் வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். இரண்டாவது மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாயல். மூன்றாவது கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம், நாஞ்சில் நாட்டுச் சாயல். பின்னிரண்டிலும் எழுத்துக்கூட்டல் ஏறக்குறைய வழக்கமானதுதான். ஊரைக் காட்டிக் கொடுப்பது வாக்கியத்தின் வால். ஆக்கும், ல்லா, லே, மக்கா என்று வாலையும் விளியையும் சரியாகப் பிடித்தால் ஒலியில் பாதியை விட்டுவிடலாம். வாசகரின் காது மீதியைத் தானே போட்டுக்கொள்ளும்.

பேச்சுத்தாளில் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஐந்து வரி ஒதுக்குங்கள். அவர் பேச்சின் வால் எது, கோபத்தில் என்ன சொல்வார், அம்மாவை எப்படிக் கூப்பிடுவார், மலையாளம் எவ்வளவு கலக்கும், எந்தச் சொல்லை ஒருபோதும் சொல்லமாட்டார். கடைசி வரி சின்னதாகத் தெரியும். பாத்திரங்களைப் பிரித்து நிறுத்துவது அதுதான். பள்ளி ஆசிரியர் 'சொன்னான்' என்பதற்குப் 'பறஞ்சான்' என்று சொல்லவே மாட்டார், வீட்டுக்குள் கோபம் வந்தால் ஒழிய. கடற்கரைப் பேச்சு தனி உலகம். கரைமடி வலை இழுக்கிறவரின் வாயில் விளைக்காரர் பேச்சை வைத்தால் ஒட்டாது. பக்கத்தில் இருந்து கேட்காமல் அதை எழுதத் துணிய வேண்டாம்.

எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பட்டியல் வேண்டும். 'எங்க' என்றா 'எங்கே' என்றா, 'போறியா' என்றா 'போறீயா' என்றா? ஒரு தடவை முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள். விவரணையில் ஒற்று மிகும் இடங்களைக் கவனிக்க வேண்டும். உரையாடலில் நாக்கு எங்கே அழுத்துகிறதோ அங்கே மட்டும் போதும். மெய்ப்புத் திருத்துகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நல்லெண்ணத்தில் உங்கள் பாட்டியைப் பண்டிதராக்கிவிடுவார்.

இனி மலையாளம். தமிழ் எழுத்தில் மலையாளத்தை நீளமாக எழுதினால் இரண்டு பேருக்கும் புரியாது. நாலைந்து சொல்லுக்குள் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வைக்கலாம். அதற்கு மேல் போனால் தமிழில் எழுதிவிட்டு, அவர் மலையாளத்தில் பேசினார் என்பதை ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டு மொழியிலும் உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்கள் இன்னொரு கண்ணி. வெள்ளம் இங்கே குடிக்கும் நீர்; மதுரை வாசகருக்கு ஆறு பெருகி வருவது. பட்டி மலையாளத்தில் நாய். நமக்கு ஊரின் பெயர், மாட்டுத் தொழுவம். பறை மலையாளத்தில் 'சொல்லு'. தமிழில் தோல் கருவி.

இப்படிப்பட்ட சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதவேண்டாம். பக்கத்தில் ஒரு செயலை வையுங்கள். 'கொஞ்சம் வெள்ளம் தா என்று சொம்பை நீட்டினான்.' சொம்பு பொருளைச் சொல்லிவிட்டது. 'சக்கையை வெட்டி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தாள்.' எண்ணெயும் சுளையும் வந்தபிறகு அது பலாப்பழம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நினைவைச் சொல்லும் ஓர்மை, கூச்சலைச் சொல்லும் பெகளம், பதநீராகிய அக்கானி, ஓலைப்பெட்டியாகிய கடவம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் போடத்தான் வேண்டுமென்றால் நாற்பது சொல்லுக்குள் நிறுத்துங்கள். பட்டியல் நீண்டால் நாவலுக்குள் வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

சோதிக்க ஒரு வழி: திருச்சிக்கு வடக்கே வளர்ந்த ஒருவரிடம் பத்துப் பக்கம் கொடுத்து, தடுக்கிய இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு மூன்று புள்ளிக்கு மேல் வந்தால் ஒலியைக் குறையுங்கள். சொல்லிலும் வாலிலும் கை வைக்காதீர்கள்.

தவறிவிடும் விவரங்கள்

வேலையைத் தெரியாமல் எழுதினால் அந்தப் பக்கத்தில் நாவல் சாகும். ரப்பர் வெட்டுகிறவன் காலை பத்து மணிக்குக் கத்தியோடு கிளம்புவதாக எழுதிய கைப்பிரதிகள் உண்டு. பால்வெட்டு விடியும் முன்னே நடக்கும். மரத்தில் நீரழுத்தம் அப்போதுதான் அதிகம். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். சிரட்டையில் சேர்ந்ததை இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வாளியில் எடுப்பார்கள். மழை பெய்தால், வெட்டுக்கு மேல் பிளாஸ்டிக் மறைப்பு கட்டியிருந்தால் ஒழிய, அன்று வேலை இல்லை. இலை உதிரும் சமயத்தில் மரத்துக்கு ஓய்வு. கூலிக்கு வெட்டுகிறவன் வீட்டில் அந்த வாரங்களில் காசு எப்படி இருக்கும் என்று யோசித்தால், ஒரு அத்தியாயமே கிடைக்கலாம்.

பனையும் அப்படித்தான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது அக்கானி, தடவாவிட்டால் புளித்துக் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. ஆக 1995இல் நடக்கும் கதையில் களியக்காவிளைக்காரர் கடையில் உட்கார்ந்து கள் குடிக்கவேண்டுமென்றால் பாறசாலைப் பக்கம் கடந்து போயாக வேண்டும். இந்தச் சின்ன நடையை எழுதினாலே எல்லை என்பது என்னவென்று தெரிந்துவிடும்.

பழைய காலத்தை எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முந்தைய கதையில் 'தமிழ்நாட்டு போலீஸ்' வரக்கூடாது. 1940இல் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; கடையில் சில்லறை கொடுத்தால் அது சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. அந்த அரைச் சக்கர வித்தியாசத்தில் ஒரு வட்டிக்கடைக்காரரின் குணத்தையே காட்டிவிடலாம். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில்தான்.

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல், திருவனந்தபுரம் பாதையில். திருநெல்வேலி இணைப்பு 1981இல். 1965இல் நாகர்கோவில் ஸ்டேஷனில் காதலி கையசைக்கும் காட்சியை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்களோ! பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றிவிடுங்கள், அழுகை குறையாது.

பழைய பத்திரங்களில் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டாக்க, சிங்ஙம் (ஆவணி) முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825ஐயும் கூட்டுங்கள். சரிபார்க்க ஒரு தேதி: எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்த ஆலயப் பிரவேச விளம்பரம் கொல்லம் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12. நெல் அறுப்பை எழுதும்போதும் இந்த மாதப்பெயர்கள் வேண்டும். கன்னிப்பூ போகம் கன்னி (புரட்டாசி) மாதத்திலும் கும்பப்பூ போகம் கும்பத்திலும் (மாசி) அறுவடை ஆவதால் வந்த பெயர்கள். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் வயலுக்குக் கோதையாற்றுக் கால்வாய்த் தண்ணீரைப் பாய்ச்சிவிடாதீர்கள்.

இவற்றைத் தேட, வி. நாகமையா 1906இல் எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலும் டி. கே. வேலுப்பிள்ளை 1940இல் எழுதியதும் நல்ல தொடக்கம். இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில். தேடலுக்கு வாரம் ஒரு நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு மேலே போக வேண்டும். மானுவலைப் புரட்ட எழுந்தவர் அன்று திரும்பி உட்காருவதில்லை.

ஆளைக் காட்டிக்கொடுக்காமல்

நம் ஊரில் பெயரை மாற்றினால் போதாது. மேற்கே போகப்போக ஆளை வீட்டுப்பேரால்தான் அறிவார்கள். விளையின் பெயரோ, வட்டப்பேர் என்னும் பட்டப்பெயரோ கதையில் அப்படியே இருந்தால், மீதி எல்லாம் கற்பனை என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. வீட்டுப்பேர், தொழில், உடல் அடையாளம், குடும்பத்தில் நடந்த பேர்போன சம்பவம் ஆகிய நான்கில் மூன்றையாவது மாற்றுங்கள். இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவராக்குவது இன்னும் நல்லது. கதைக்கும் அது வலு.

நாள்தோறும் எவ்வளவு

தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெமி அளவில் அச்சாகின்றன. பக்கத்துக்குச் சுமார் 230 சொற்கள். ஐம்பதாயிரம் சொல் எழுதினால் இருநூற்றுப் பதினைந்து பக்கம் சொச்சம் வரும். முதல் நாவலுக்கு அதுவே தாராளம். நாளுக்கு 400 சொல், வாரம் ஆறு நாள் என்றால் 21 வாரம். ஐந்து மாதம்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் எழுதியவர். நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமியின் நாவல்கள் மூன்றே. 1966, 1981, 1998 என்று இடைவெளிவிட்டு வந்தன. வேகத்தில் இலக்கணம் எதுவும் இல்லை. புதியவர் மட்டும் முதல் வரைவை நீட்டக்கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தால், தொடங்கிய ஆளும் முடிக்கிற ஆளும் வேறு வேறாகிவிடுவார்கள், நடை இரண்டாகப் பிளக்கும்.

நேரத்தைவிட இடம் முக்கியம். தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் நேற்றைய கடைசிப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், திருத்தாதீர்கள். அன்றைய எழுத்தை ஒரு காட்சி முடிகிற இடத்தில் நிறுத்தாமல், ஒருவர் ஏதோ பதில் சொல்லப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அந்தப் பதிலோடு தொடங்கலாம்.

கையால் எழுதினால் நீள நோட்டில் வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் திருத்தத்துக்கும் கேள்விக்குறிக்கும். கணினியிலோ போனிலோ என்றால் யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னொரு கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். குரல்வழித் தட்டச்சு விவரணைக்குச் சுமாராக உதவும். உரையாடலுக்கு உதவாது: 'போயிருக்காக்கும்' என்று சொன்னால் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக அடித்து வைக்கும். தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். வாரக்கடைசியில் தேதியைக் கோப்பின் பெயரில் போட்டு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல்.

எண்பதாம் பக்கம்

எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே பலர் நின்றுபோவார்கள். அதுவரை வந்தது பெரும்பாலும் நினைவிலிருந்து வந்த சரக்கு, அது தீர்ந்திருக்கும். ஆட்கள் எல்லாரும் அறிமுகமாகிவிட்டார்கள், யாருக்கும் எதுவும் வேண்டியதில்லை. முதல் பக்கத்துக்குப் போய் மெருகேற்றத் தோன்றும். அதைச் செய்தால் முடிந்தது கதை. மாறாக, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே 'இவருக்கு இந்த வாரம் என்ன வேண்டும், யார் குறுக்கே நிற்கிறார்' என்று ஒரு வரி எழுதுங்கள். வேலிக்கல் ஒன்று ஒரு முழம் நகர்ந்தாலும் போதும். இரண்டு வீடு, ஒரு கோர்ட்டு, முறிந்த ஒரு கல்யாணம் என்று கதை நகர ஆரம்பிக்கும். வரி நிரம்பாத பாத்திரம் தேவையில்லாத பாத்திரம். அடுத்த வரைவில் எடுத்துவிடலாம்.

இரண்டாம் வரைவு

முடித்தபின் ஆறு வாரம் தொடாதீர்கள். பிறகு மூன்று தடவை தனித்தனியாகப் படிக்க வேண்டும், எல்லாத் திருத்தத்தையும் ஒரே தடவையில் செய்யப் பார்த்தால் எதுவும் முழுதாக நடக்காது. முதல் தடவை ஆட்கள் தாளை வைத்துக்கொண்டு வயது, மாதம், முறை. இரண்டாம் தடவை உரையாடல் மட்டும், வாய்விட்டு, போனில் பதிவு செய்து கேட்டு. எல்லாரும் ஒரே ஆளாகக் கேட்டால் பேச்சுத்தாளுக்குத் திரும்புங்கள். மூன்றாம் தடவை வெட்டு: பத்தில் ஒரு பங்கு போக வேண்டும். உரையாடலில் சொன்னதையே விவரணை மறுபடி விளக்கும் இடங்களில்தான் அநேகமாக அந்தப் பங்கு முழுவதும் இருக்கும்.

படித்துச் சொல்ல மூன்று பேர். அந்த வேலையை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர், வெளியூர் வாசகர் ஒருவர், நிறைய நாவல் படித்தவர் ஒருவர். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் மூவரும் நல்லா இருக்கிறது என்பார்கள். 'எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்?' என்று கேளுங்கள்.

அனுப்புவது

சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில். அதற்குள் புத்தகம் வரவேண்டுமானால் கைப்பிரதி ஜூன், ஜூலையில் பதிப்பகத்தில் இருப்பது நல்லது. ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் முப்பது பக்கம், உங்களைப் பற்றி நாலு வரி. முதலில் இவ்வளவு போதும். பதிப்புரிமை எழுதும்போதே உங்களுடையது, இந்தியாவில் அது ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு நிற்கும். இதே காரணத்தால் சினிமாப் பாட்டு வரிகளை அத்தியாயத் தலைப்பில் வைக்க அனுமதி வேண்டியிருக்கும். ஐ.எஸ்.பி.என். என்னும் புத்தக அடையாள எண் இந்தியாவில் இலவசம். அதற்கென்று காசு கேட்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை பிரதி, எத்தனை சதவீதம், எந்த மாதம் கணக்கு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். எல்லைப்புறத்து நாவலுக்கு இன்னொரு வரியும் வேண்டும்: மலையாள மொழிபெயர்ப்பு உரிமை ஆசிரியரிடமே இருக்கும் என்று. பாறசாலைக்கு அப்பால் உங்கள் ஊரைத் தெரிந்த வாசகர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி பிறகு வரும்போது பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.